எந்த வைக்கிங்கும் உட்காராத நாற்காலி

இரண்டு பலகைகள். ஆணி இல்லை, திருகு இல்லை, பசை இல்லை. நீளமான பலகை முதுகுக்கு. அதன் கீழ்ப்பகுதியில், தரையிலிருந்து ஓரடிக்குக் கொஞ்சம் மேலே, ஒரு செவ்வகத் துளை. குட்டையான பலகை உட்காருவதற்கு. அதன் முன்பாதி முழு அகலம். பின்பாதியை இரண்டு பக்கமும் அறுத்து வால்போல ஒடுக்கியிருப்பார்கள். அந்த வாலைத் துளைக்குள் நுழைத்துத் தள்ளினால், அகலமான பகுதியின் தோள்கள் முதுகுப்பலகையில் முட்டி நின்றுவிடும். வால் பின்பக்கம் சரிந்து தரையைத் தொடும். பக்கவாட்டில் பார்த்தால் கைகள் சமமில்லாத ஒரு பெருக்கல் குறி. உட்காருபவரின் எடைதான் பூட்டு. எழுந்ததும் உருவி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து கார் டிக்கியில் போட்டுக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் இடைக்கால உடை உடுத்தி, கூடாரம் அடித்து, வாரக்கணக்கில் முகாம் போடுகிறவர்கள் இதை 'வைக்கிங் நாற்காலி' என்கிறார்கள். வேறு பெயர்களும் உண்டு. 'பாக் சேர்' என்பார்கள், அதாவது சதுப்புநில நாற்காலி. 'ஸ்டார்கேஸர்' என்பார்கள், மல்லாந்து நட்சத்திரம் பார்க்கத் தோதானது என்பதால். இணையத்தில் செய்முறைப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. மரவேலையில் முதல்முறை கைவைப்பவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.

நம் மொழியில் இதை நாற்காலி என்று எழுதும்போதே கை தயங்குகிறது. நாற்காலி, முக்காலி என்று காலை எண்ணிப் பெயர் வைத்த மொழி இது. கணக்கில் கறாரான மொழி. இந்தப் பொருளுக்குக் காலே கிடையாது. தரையைத் தொடுவது இரண்டு பலகைகளின் இரண்டு விளிம்புகள் மட்டுமே. 'ஊஞ்சல் பலகையை ரெண்டா அறுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகின மாதிரி இருக்குடா' என்றான் நண்பன் ஒருவன், படத்தைப் பார்த்துவிட்டு. அதைவிடத் துல்லியமான வர்ணனையை நான் இன்னும் எங்கும் படிக்கவில்லை. வசதிக்காக இனி நாற்காலி என்றே எழுதுகிறேன்.

ஒரு நாற்காலிக்கு விமர்சனக் கட்டுரையா என்று கேட்கலாம். ஒரு சரித்திர நாவலை வாசிக்கும்போது என்ன கேட்கிறோம்? இதில் காலம் இருக்கிறதா, அல்லது காலத்தின் உடை மட்டும் இருக்கிறதா என்று. முகாமில் கிடக்கும் இந்தப் பலகைகளிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம் என்பது என் கட்சி. சொல்லப்போனால் நாவலிடம் கேட்பதைவிட இங்கே கேட்பது சுலபம். நாவல் மழுப்பும், மரத்தால் மழுப்ப முடியாது.

முதலில் முகாமைப் பற்றி. 1966 மே 1 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில், பின்னாளில் மிகைபுனைவு எழுத்தாளராக அறியப்பட்ட டயானா பாக்ஸனின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு விருந்து நடந்தது. வந்தவர்கள் மரவாளால் சண்டை போட்டார்கள். முடிவில் இருபதாம் நூற்றாண்டை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அந்த விருந்திலிருந்து பிறந்ததுதான் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிஸம்'. பெயரிலேயே காலமுரண் என்பதை வைத்துக்கொண்ட அமைப்பு. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அவர்களுடைய மிகப்பெரிய கூடுகை பென்சில்வேனியாவின் மேற்கே ஸ்லிப்பரி ராக் அருகே, கூப்பர்ஸ் லேக் முகாம் மைதானத்தில் நடக்கும் 'பென்சிக் வார்'. 1972இல் தொடங்கியது. பெருந்தொற்று ஆண்டுகள் தவிர, ஒவ்வொரு வருடமும் ஜூலை கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்டில் முடியும். பத்தாயிரம் பேருக்குக் குறையாமல் வருவார்கள். நாள் முழுக்க பிரம்பு வாளால் போர். இரவு முழுக்கத் தீ, பாட்டு, கள்ளுக்கு ஒன்றுவிட்ட தம்பியான தேன்மது.

அங்கே நுழைய ஒரே உடை விதிதான். பதினேழாம் நூற்றாண்டுக்கு முந்தைய உடைக்கு ஒரு 'முயற்சி' செய்திருக்க வேண்டும். எவ்வளவு பெருந்தன்மையான சொல்! அதற்குள் எல்லாமே அடங்கிவிடும். கையால் நெய்து, கையால் சாயமிட்டு, எலும்பு ஊசியால் தைத்து வந்தவரும் அடங்குவார். படுக்கை விரிப்பில் கழுத்துக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு வந்தவரும் அடங்குவார். இருவரும் ஒரே தீயைச் சுற்றி உட்காருகிறார்கள். எதில் உட்காருகிறார்கள் என்று பார்த்தால், முக்கால்வாசிப் பேர் மடக்கு கேன்வாஸ் நாற்காலியில், அதன்மேல் ஒரு ஆட்டுத்தோலைப் போட்டு மறைத்து. கொஞ்சம் மானம் பார்ப்பவர்கள் நம் இரட்டைப் பலகையில்.

பொறியியல் படித்தவன் என்ற முறையில் முதலில் இதைப் பாராட்டிவிடுகிறேன். ஈரத் தரையில் நான்கு மெல்லிய கால் கொண்ட நாற்காலியைப் போட்டால் கால்கள் மண்ணுக்குள் இறங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்துக்கு. இதில் எடை விளிம்பு நெடுகப் பரவுகிறது, அவ்வளவு சீக்கிரம் இறங்காது. இணைப்பு ஒன்றே ஒன்று. எடை கூடக்கூட அது இறுகும். ஆணி போட்ட நாற்காலியில் எடை கூடினால் இணைப்பு தளரும். இதற்கு வேண்டிய வெட்டுகள் எல்லாம் நேர்கோடு. கடைக்குப் போய் 'டூ பை டென்' என்று கேட்டால் தரும் எட்டடிப் பலகை ஒன்று போதும். (டூ பை டென் என்பது பெயர்தான். இழைத்து வரும்போது கனம் ஒன்றரை அங்குலம், அகலம் ஒன்பதேகால் அங்குலம். பத்து அங்குலம் என்று நம்பி வரைபடம் போட்டால் அம்போ.) துளைக்குப் பக்கவாட்டில் இரண்டு ஓரத்திலும் ஏறக்குறைய இரண்டு அங்குல மரம்தான் மிஞ்சும். பலவீனமான இடம் அதுதான். அங்கே ஒரு முடிச்சு விழுந்தால் என்றைக்காவது கனமான ஆள் ஒருவர் மல்லாக்க விழுவார். துளையைக் கச்சிதமாகவும் வெட்டக் கூடாது. மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பும். ஒரு இரவு மழையில் நனைந்த நாற்காலியைக் காலையில் பிரிக்க மரச்சுத்தியல் தேட வேண்டியிருக்கும். இவ்வளவு குறைவான வேலையில் இவ்வளவு உழைக்கிற வடிவங்கள் உலகத்தில் அதிகம் இல்லை.

ஒரே பிரச்சினை, வைக்கிங்குகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு அகழாய்வில் இப்படி ஒன்று கிடைத்ததாகப் பதிவில்லை. ஓவியத்தில், கல்வெட்டுச் சித்திரத்தில், கையெழுத்துப் பிரதியின் ஓரப்படத்தில் எதிலும் இல்லை. சதுப்பு நாற்காலி என்ற பெயரைக் கேட்டால் ஏதோ சதுப்பில் புதைந்து கிடந்து எடுத்தது போலத் தோன்றும். அப்படி எடுக்கப்பட்டதும் இல்லை. முகாம்களில் விஷயம் தெரிந்தவர்கள் இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே மற்றவர்கள் அடுத்த பலகையை அறுக்கிறார்கள்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இந்த இரட்டைப் பலகை நிஜமாகவே இருக்கும் இடம் ஆப்பிரிக்கா. மலாவியின் சந்தைகளில் 'தலைவர் நாற்காலி' என்று விற்கிறார்கள். முதுகுப்பலகை முழுக்க யானை, மீன், கிராமக் காட்சி என்று செதுக்கியிருக்கும். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை என்று பழம்பொருள் வணிகர்களின் பட்டியல்களில் 'பஞ்சாயத்து நாற்காலி', 'பிரசவ நாற்காலி' என்ற பெயர்களில் வருபவையும் இதே குடும்பம்தான். அந்தப் பெயர்களில் எது அங்குள்ளவர்கள் வைத்தது, எது விற்கிறவர் வைத்தது என்பது தனிக் கதை. ஆனால் உடம்பு ஒன்றுதான்: துளை, வால், தோள்.

இதை முகாமில் சொன்னால் என்ன பதில் வரும்? மூன்று விதமான பதில்கள் உண்டு. முதலாவது, கண்ணாடி வாதம். 'நீ மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாய், பக்கத்துக் கூடாரத்தில் இன்சுலின் ஐஸ்பெட்டியில் இருக்கிறது, நாற்காலிதான் உனக்கு உறுத்துகிறதா?' இதற்குப் பதில் சுலபம். கண்ணாடியை யாரும் வைக்கிங் கண்ணாடி என்று சொல்லவில்லை. இரண்டாவது, இருந்திருக்கலாம் வாதம். 'மரம் மக்கும் பொருள். கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? அவர்களிடம் பலகை இருந்தது, கோடாலி இருந்தது, ஏன் செய்திருக்க மாட்டார்கள்?' மூன்றாவது, ஆன்மா வாதம். 'நாங்கள் பொருளை நகலெடுக்கவில்லை, உணர்வை வாழ்கிறோம்.' இடைக்காலம் இருந்த மாதிரி அல்ல, இருந்திருக்க வேண்டிய மாதிரி என்பது அந்த வட்டாரத்தில் பிரபலமான பேச்சு.

இரண்டாவது வாதத்தை மட்டும் நின்று நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான பதில் ஆவணங்களில் இல்லை, மரத்திலேயே இருக்கிறது.

ஏன் செய்திருக்க மாட்டார்கள்? ஏனென்றால் பலகை அன்றைக்கு இன்றைய பலகை அல்ல. வைக்கிங் காலத்தில் மரத்தை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பலகை எடுக்கவில்லை; பிளந்தார்கள். ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்து, ஆப்பு அடித்து இரண்டாக, நான்காக, எட்டாக, பதினாறாக, கேக் வெட்டுவது மாதிரி மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பிளப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும். அதைக் கோடாலியால் செதுக்கிச் சமப்படுத்தினால் ஒரு பலகை. ஆக, பலகையின் அகலம் மரத்தின் ஆரத்தைத் தாண்டாது. மையத்துக் குருத்தையும் வெளிப்புற வெளிறையும் கழித்தால் ஆரத்தைவிட நன்றாகவே குறையும். ஒன்பது அங்குல அகலம் வேண்டுமென்றால் மரத்தின் விட்டம் இரண்டடியைத் தொட வேண்டும். நேராக வளர்ந்த, முறுக்கில்லாத, கிளையில்லாத இரண்டடி விட்டமுள்ள ஓக். பைன் மரமென்றால் நடுவில் இரண்டாகப் பிளந்து பாதிக்கு ஒரு பலகை எடுக்கலாம், அகலம் கிடைக்கும். ஆனால் ஒரு முழு மரத்துக்கு இரண்டே பலகை, மிச்சமெல்லாம் சிராய். இப்படிப்பட்ட பலகை எதற்குப் போகும்? கப்பலுக்குப் போகும், கதவுக்குப் போகும், பெட்டிக்குப் போகும். தீயோரம் மல்லாந்து படுப்பதற்குப் போகாது.

கால்களோ இனாம். கிளையை வெட்டி, தோலை உரித்து, நுனியைச் சீவினால் கால். பிளக்கும்போது வீணான, பலகைக்கு ஆகாத குட்டைத் தடித் துண்டு இருக்கிறதே, அதில் மூன்று துளை போட்டால் இருக்கை. அதனால்தான் முக்காலி எங்கும் இருக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் பதினோராம் நூற்றாண்டு அடுக்குகளில் மூன்று கால் முக்காலி கிடைத்திருக்கிறது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் நிற்கும் என்பது வடிவியல். மேடுபள்ளமான மண்தரையில் முக்காலி ஆடாது என்பது அதே உண்மையின் வீட்டு வடிவம். கழிவு மரத்தில் செய்கிற பொருள், தரையின் இயல்பை மதிக்கிற பொருள். ஒரு காலத்தில் எது மலிவு, எது அருமை என்று அந்தக் காலத்து நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இரட்டைப் பலகை நாற்காலி என்ன சொல்கிறது? அகலமான பலகை மலிவு, உழைப்பு அருமை என்கிறது. அதாவது ரம்ப ஆலையைச் சொல்கிறது. லாரியைச் சொல்கிறது. வேகமாக வளர்த்து வேகமாக வெட்டிய பைன் தோட்டத்தைச் சொல்கிறது. அது பொய் சொல்லவே இல்லை. தன் பிறந்த தேதியைத் தெளிவாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நாம்தான் அதன் கழுத்தில் வேறு பிறப்புச் சான்றிதழைத் தொங்கவிட்டிருக்கிறோம்.

மலாவியில் அது ஏன் தலைவரின் நாற்காலி என்பதும் இப்போது புரிகிறது அல்லவா? கனமான மரத்திலிருந்து இரண்டு அகலமான பாளங்களைச் செதுக்கி எடுப்பது சாமானியக் காரியமில்லை. அருமையான பலகை, அதனால் பெரிய மனிதருக்கு. அங்கே வடிவமும் விலையும் அந்தஸ்தும் ஒரே கணக்கில் உட்காருகின்றன. இங்கே எல்லோருக்கும் ஆளுக்கொன்று.

நிஜமான வைக்கிங் நாற்காலி ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நார்வேயின் டான்ஸ்பெர்க் அருகே ஓசெபெர்க் என்ற பண்ணையில் 1904, 1905இல் தோண்டியெடுத்த கப்பல் புதையிடத்தில் கிடைத்தது. இரண்டு பெண்கள், ஒரு முழுக் கப்பல், வண்டி, சறுக்கு வண்டிகள், கட்டில்கள், பெட்டிகள், கூடாரச் சட்டங்கள், ஒரு நாற்காலி. புதைத்த வருடம் 834 என்று மரத்தின் வளையங்களை எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாற்காலி பெட்டி மாதிரி. நிமிர்ந்து உட்கார வேண்டும். முகாமில் காணும் முக்கோணக் கூடாரங்களின் சட்டங்கள் ஓசெபெர்க்கிலிருந்தும் கோக்ஸ்டாடிலிருந்தும் எடுத்த மாதிரிகள்தாம். கூடாரத்துக்கு ஓசெபெர்க்கைப் புரட்டியவர்கள் நாற்காலிக்கும் அதையே புரட்டியிருக்கலாம். ஏன் புரட்டவில்லை என்றால், சட்டமும் இணைப்பும் வேண்டும், வேலை அதிகம், டிக்கியில் அடங்காது, அதைவிட முக்கியம், சாய முடியாது.

ஓசெபெர்க் மரப்பொருள்களுக்கு நேர்ந்தது ஒரு சோகக் கதை. நீரில் ஊறிக் கிடந்த மரம் காய்ந்தால் சுருங்கிப் பொடிந்துவிடும் என்பதற்காக, அன்றைய முறைப்படி பல பொருள்களைச் சூடான படிகாரக் கரைசலில் ஊறவைத்தார்கள். நல்லெண்ணம்தான். அந்தச் செய்முறையில் உண்டான கந்தக அமிலம் நூறு வருடமாக மரத்தை உள்ளிருந்து தின்றுகொண்டிருக்கிறது. வெளியே பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே நாரே இல்லாமல் உதிரும். அதைக் காப்பாற்றவே நார்வேயில் தனி ஆய்வுத் திட்டம் நடத்தியிருக்கிறார்கள். ஆக, அசல் எதிலும் இனி யாரும் உட்கார முடியாது, தூக்கவே பயப்பட வேண்டும். உட்கார முடிவது போலியில் மட்டும். மறுநிகழ்த்துகிறவர்களை நான் எளிதில் கேலி செய்யாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அருங்காட்சியகத்தில் இருப்பது பார்வைக்கு மட்டுமான கடந்தகாலம். உடம்புக்கு ஒரு கடந்தகாலம் வேண்டுமென்றால் யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

ஆர்.ஜி. காலிங்வுட்டின் 'தி ஐடியா ஆஃப் ஹிஸ்டரி' அவர் இறந்து மூன்று வருடம் கழித்து 1946இல் வெளிவந்தது. வரலாறு என்பது கடந்தகாலச் சிந்தனையை வரலாற்றாசிரியர் தன் மனதில் மறுநிகழ்த்துவது என்று வாதிட்ட நூல். காலிங்வுட் ரோமானியப் பிரிட்டனைத் தோண்டிய தொல்லியலாளரும்கூட, எனவே வெறும் நாற்காலித் தத்துவவாதி இல்லை (சிலேடைக்கு மன்னிக்கவும்). அவர் சொன்ன மறுநிகழ்த்தல் வேடம் போடுவது அல்ல. சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்தபோது அவர் முன் இருந்த சிக்கல் என்ன, தெரிவுகள் என்ன என்று யோசிப்பது. அந்த அளவுகோலை மரவேலைக்குக் கொண்டுவந்தால், மறுநிகழ்த்த வேண்டியது நாற்காலியை அல்ல, தச்சரின் சிக்கலை. என்னிடம் ஒரு மரம் இருக்கிறது, ஒரு கோடாலி இருக்கிறது, குளிர்காலம் வருகிறது. இதில் எது கப்பலுக்கு, எது அடுப்புக்கு, எது உட்கார?

இதை மெய்யாகவே செய்தவர்கள் உண்டு. டென்மார்க்கின் ரோஸ்கில்டே வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தில், ஸ்குல்டெலெவில் எடுத்த இரண்டாம் கப்பலின் சிதைவுகளை வைத்து முப்பது மீட்டர் நீளப் போர்க்கப்பல் ஒன்றை 2000 முதல் 2004 வரை கட்டினார்கள். அசலில் பதிந்திருந்த கருவித் தடங்களைப் படித்து, அதே மாதிரிக் கருவிகளை வடித்து, மரத்தைப் பிளந்து, கோடாலியால் செதுக்கிக் கட்டினார்கள். அசல் கப்பல் 1042 வாக்கில் டப்ளினில் கட்டப்பட்டது. நகலை 2007 கோடையில் டப்ளினுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். அதுதான் காலிங்வுட் சொன்னதற்கு நான் அறிந்தவரை மிக நெருங்கிய மர வடிவம்.

ஆனால் எல்லோரையும் ரோஸ்கில்டே ஆகச் சொல்ல முடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. துல்லியத்தின் வெறி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டோனி ஹோர்விட்ஸின் 'கன்ஃபெடரேட்ஸ் இன் தி அட்டிக்' (1998) இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரை மறுநிகழ்த்துகிறவர்களோடு திரிந்து எழுதிய புத்தகம். பட்டன்களைச் சிறுநீரில் ஊறவைத்துப் பழமை ஏற்றுகிறவர்கள், பட்டினிச் சிப்பாய்போலத் தெரிய உடம்பை வற்றவைக்கிறவர்கள், வெட்டவெளிக் குளிரில் ஒருவரையொருவர் ஒட்டிப் படுத்துத் தூங்குகிறவர்கள். அவர்களிடம் பட்டன் துல்லியமாக இருக்கிறது. போர் எதற்காக நடந்தது என்ற கேள்வி வந்தால் மட்டும் பேச்சு மங்குகிறது. அடிமைமுறை என்ற சொல்லுக்கு அந்த முகாம்களில் இடம் தேட வேண்டியிருக்கிறது. ஹோர்விட்ஸ் அவர்களை நேசத்தோடும் கண்ணை மூடாமலும் எழுதியிருக்கிறார், அதனால்தான் அந்தப் புத்தகம் இன்னும் நிற்கிறது. பொருளில் துல்லியம், அர்த்தத்தில் மறதி.

நம் இரட்டைப் பலகையில் நடந்திருப்பது அதன் தலைகீழ் என்று முதலில் நினைத்தேன்: பொருளில் அலட்சியம், பரவாயில்லை, பாதகமில்லை. யோசிக்க யோசிக்க இங்கேயும் ஒரு மறதி இருக்கிறது என்று படுகிறது. ஆப்பிரிக்கக் கைகள் கண்டுபிடித்த வடிவம் ஒன்று இருக்கிறது. எந்த வழியாகவோ அது வெள்ளைக்கார முகாமுக்கு வந்து சேர்கிறது. வந்த வழியில் பெயர் உதிர்ந்து, வடக்கத்திய ஐரோப்பாவின் பெயர் ஏறுகிறது. அதுவும் எந்தப் பெயர்? தூய வெள்ளை மூதாதையர் என்ற கற்பனைக்கு இன்றைக்கு அமெரிக்க இனவாதக் குழுக்கள் அதிகம் எடுத்தாளும் வைக்கிங் என்ற பெயர். முகாமில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்பேர்ப்பட்டவர்கள் அல்ல. எனக்குத் தெரிந்தவர்கள் சனிக்கிழமை போருக்குப் பிறகு ஞாயிறு காலை எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிற ரகம். ஆனால் பெயர்மாற்றத்துக்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, அக்கறையின்மையே போதும். எங்கள் தொழிலில் இதற்கு நேரான ஒரு காரியம் உண்டு. திறந்த மூல நிரல் ஒன்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பெரும்பாலான உரிமங்கள் கேட்பது ஒன்றுதான்: மேலே உள்ள எழுதியவர் பெயரை அழிக்காதே. அந்த ஒரு வரியை அழித்துவிட்டு மேலே தன் பெயரைப் போடுகிறவனை என்ன சொல்வோமோ, அதையே இங்கேயும் சொல்ல வேண்டும். பலகையை அறுப்பதில் தப்பில்லை. தலைப்பு வரியில்தான்.

என்ஸோ மாரியின் நினைவு வருகிறது. 1974இல் அந்த இத்தாலிய வடிவமைப்பாளர் 'ஆட்டோபுரோஜெட்டாசியோனே' என்ற சிறு நூலை வெளியிட்டார். சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் வைத்து மேசை, நாற்காலி, கட்டில் செய்துகொள்ளும் வரைபடங்கள். தபால் செலவை அனுப்பியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். நாற்காலி அவருடைய நோக்கம் அல்ல. ஒருமுறை தானே செய்து பார்த்தவர் அதற்குப் பிறகு கடையில் விற்கும் நாற்காலியைப் பார்க்கும் கண் மாறும் என்று எதிர்பார்த்தார். முகாம் நாற்காலியிடம் எனக்குள்ள பெரிய ஏமாற்றம் இதுதான். அதைச் செய்வதில் ஒன்றும் கற்றுக்கொள்ள முடிவதில்லை. ஜிக்ஸா இயந்திரம் இரண்டு முறை உறுமினால் வேலை முடிந்தது. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்க வேண்டிய அவசியமே வராது. முக்காலி செய்தால் முதல் காலிலேயே அந்தக் கேள்வி வந்து நிற்கும். குறுக்கு நார் உள்ள கால் ஒடியும், நார் வழியே பிளந்தெடுத்த கால் வளைந்து கொடுக்கும். மூன்று துளைகளைச் சாய்வாகப் போட வேண்டும்; எவ்வளவு சாய்வு என்று புத்தகம் சொன்னாலும் கை நம்பாது. காய்ந்த காலை ஈரமான இருக்கையில் அடித்தால், இருக்கை காயக்காயச் சுருங்கிக் காலைப் பிடித்துக்கொள்ளும். பசை இல்லாமலே ஒட்டும் பசை அது. கிறிஸ்டோபர் ஷ்வார்ஸின் 'தி அனார்கிஸ்ட்ஸ் டிசைன் புக்' (2016) இந்தக் குச்சிக்கால் மரச்சாமான்களைத்தான் மறுபடி முன்னால் கொண்டுவந்தது. மாதிரிப் புத்தகங்களில் பணக்காரர் வீட்டுச் சாமான்கள் மட்டுமே பதிவாயின, ஏழைகள் உட்கார்ந்தது பதிவாகவில்லை என்ற அவருடைய ஆதங்கம் நியாயமானது. பதிவு வேண்டுமென்றால் ஓவியத்தைத்தான் பார்க்க வேண்டும். புரூகெல் வரைந்த குடியானவர் கல்யாண விருந்தில் கழற்றிய கதவையே தட்டாக்கி உணவு சுமந்து வருகிறார்கள். முன்னால் கிடக்கும் பெஞ்சில் சாய ஒன்றும் கிடையாது.

சாய்தல் என்று சொன்னேன் அல்லவா, உண்மையான காலமுரண் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்தால் உடம்பு முன்னால் குனியும், அடுப்பை நோக்கி, கையிலுள்ள வேலையை நோக்கி, எதிரில் இருப்பவரை நோக்கி. இரட்டைப் பலகையில் உட்கார்ந்தால் முழங்கால் மேலே வரும், முதுகு பின்னால் போகும், கண் வானத்துக்குப் போகும். கைக்கு வேலையே கிடையாது. அதிலிருந்து சட்டென்று எழுந்திருக்கவும் முடியாது, உருண்டுதான் எழ வேண்டும். பால் கறக்க முடியாது, நூல் நூற்க முடியாது, வலை பின்ன முடியாது. அது விடுமுறைக்காரரின் உடம்பு. திங்கட்கிழமை மறுபடி திரைக்கு முன்னால் கூனி உட்காரப்போகிற உடம்பு கேட்கிற ஓய்வு. அந்த ஓய்வு எனக்கும் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. அதை ஒன்பதாம் நூற்றாண்டுக்காரருடையது என்று சொல்லும்போதுதான் அவருடைய பகல் முழுவதும் காணாமல் போகிறது. கறந்ததும் நூற்றதும் பிளந்ததும் போய், தீயும் தேன்மதுவும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்சுகின்றன.

ஆகவே என் பரிந்துரை நாற்காலியை எரிப்பது அல்ல. அதை மலாவி நாற்காலி என்றோ ஆப்பிரிக்கப் பலகை நாற்காலி என்றோ சொல்லட்டும். முகாமில் யாராவது குழந்தை 'இது வைக்கிங்கோடதா?' என்று கேட்டால், இல்லை, அவர்கள் பெட்டிமேலோ பெஞ்சிலோ முக்காலியிலோ உட்கார்ந்தார்கள், இது வேறு ஊரில் பெரிய மனிதர்கள் உட்கார்ந்தது என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். பக்கத்தில் ஒரு முக்காலியும் போட்டு வைத்தால், சமைக்கிறவர் அதில் உட்காரட்டும்.

மலாவிச் சந்தையில் அதை வாங்குகிற வெளிநாட்டுப் பயணிகளுக்கும் கேள்வி ஒன்றுதான்: ஊருக்கு எப்படி எடுத்துப்போவது? வாலைத் துளையிலிருந்து உருவி, இரண்டு பலகையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.